எட்டரை வருஷத்து பேட்டரி

பத்ரிநாராயணனுக்கு யாருக்காவது கடிதம் எழுதாவிட்டால் சாப்பாடு செரிக்காது. மத்திய அரசின் தணிக்கை அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருஷம் அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். வேலையில் இருந்தபோதே தொடங்கிய பழக்கம், ஓய்வுக்குப் பிறகு முழுநேரத் தொழிலாகிவிட்டது. மந்தைவெளியில் அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஒரு கடிதம், வந்தால் கலங்கலாக வந்ததென்று ஒரு கடிதம். தெருவிளக்கு இரவில் எரியாவிட்டால் ஒன்று, பகலில் எரிந்தால் ஒன்று. எல்லாவற்றிலும் தலைப்பில் 'பொருள்' என்று ஒரு வரி, அதன் கீழே முந்தைய கடிதங்களைக் குறிக்கும் 'பார்வை' என்று ஒரு வரி, அப்புறம் எண் போட்ட பத்திகள். ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்துக் கோப்பில் வைப்பார். அப்படிப் பதினோரு கோப்புகள். அத்தனையிலும் ஒருவரைப் பாராட்டி எழுதியது ஒன்றுகூடக் கிடையாது. வேலையை ஒழுங்காகச் செய்வது அவனவன் கடமை, அதற்கு எதற்குப் பாராட்டு என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்ட மனிதர் 1997 செப்டம்பரில், தம் அறுபத்திரண்டாவது வயதில், முதன்முதலாக ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினார். எழுதியது ஒரு பேட்டரிக் கம்பெனிக்கு.

அவரிடம் எழுபத்தெட்டாம் வருஷத்து ஃபியட் கார் ஒன்று இருந்தது. 1989 தமிழ் வருஷப் பிறப்பன்று தி.நகரில் கடை திறக்கும் முன்பே போய் நின்று, அதற்கு வல்லபா பேட்டரி ஒன்று வாங்கி மாட்டினார். கன்னங்கரேலென்ற பெட்டியின் பக்கவாட்டில் வெள்ளை பெயின்ட்டால் தம் கையாலேயே 14-4-89 என்று எழுதினார். ஞாயிறு தவறாமல் பழைய பனியனால் துடைத்தார். ஆயுத பூஜைக்குக் காருக்குத் தனியாக, பேட்டரிக்குத் தனியாகச் சந்தனம் குங்குமம் வைத்தார். பேட்டரி மூன்று வருஷம் வந்தது, ஐந்து வருஷம் வந்தது, எட்டு வருஷமும் தாண்டிவிட்டது. எதிர்வீட்டு சண்முகசுந்தரம் அதே காலத்தில் தன் காருக்கு மூன்று பேட்டரி மாற்றியிருந்தார். தி.நகரில் புடவைக் கடை வைத்திருக்கும் அந்த மனிதர் காலையில் கேட்டைத் திறந்தாலே பத்ரி பிடித்துக்கொள்வார்.

"பேட்டரி தானா பாழாறதில்லே சார். நாமதான் பாழடிக்கறோம். வாரா வாரம் துடைக்கணும். தண்ணி அளவு பாக்கணும். உங்களுக்கு எங்கே நேரம்."

சண்முகசுந்தரம் நல்ல மனிதர். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

வெறும் பெருமைக்காக மட்டும் பத்ரி அந்தக் கடிதத்தை எழுதவில்லை. அவர் மனைவி நீரஜாவுக்கு 1994இல் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறரை மணிக்கு அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப் போட்டுவிட்டு அனுப்புவார்கள். திரும்பும்போது ரத்த அழுத்தம் இறங்கி, பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்தால்தான் வீடு வந்து சேர முடியும். ஆட்டோவில் குலுங்கி வருவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஒரு முறை தவறவிட்டால் அடுத்த முறைக்குள் கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். தவறவிட்டவரின் இடத்தை அன்றைக்கே வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஆகவே வாரத்தில் இரண்டு நாள், விடிகாலை ஐந்தே முக்காலுக்கு, அந்த வீட்டில் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். பத்ரி சாவியைத் திருப்புவார். இன்ஜின் உறுமும். பின்சீட்டிலிருந்து நீரஜா, "அப்பாடா" என்பாள். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த 'அப்பாடா' தவறவில்லை. மழையிலும் தவறவில்லை, மார்கழிக் குளிரிலும் தவறவில்லை. பத்ரி சாமிக்கு நன்றி சொன்னதைவிட அந்தப் பேட்டரிக்கு நன்றி சொன்னதுதான் அதிகம்.

பேட்டரியைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆளும் உண்டு. மந்தைவெளி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் பேட்டரிக் கடை வைத்திருந்த அய்யாதுரை. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், சந்தில் எல்லாருக்கும் அண்ணாச்சி. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, சொல்லி வைத்தாற்போலப் புதன்கிழமையில், அவரே தன் டிவிஎஸ் ஐம்பதில் வந்து பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போட எடுத்துப் போவார். போகுமுன் தன் கடைப் பேட்டரி ஒன்றை மாட்டிவிட்டுப் போவார். வியாழக்கிழமை சாயங்காலம் பழையது திரும்ப வந்துவிடும். சார்ஜ் போட்ட கூலியைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. பத்ரி கடைப்பக்கம் போனால் ஆசிட் நெடிக்கு மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தெருவிலேயே நின்று பேசுவார். உள்ளே காலெடுத்து வைத்ததில்லை.

பாராட்டுக் கடிதத்துக்குக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. எட்டரை வருஷம் உழைத்த தங்கள் பேட்டரியைப் பார்க்க ஒரு பொறியாளர் நேரில் வருவார், புகைப்படமும் எடுத்துக்கொள்வார் என்று எழுதியிருந்தார்கள். பத்ரிக்குத் தலைகால் புரியவில்லை. நவம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், மழை சற்றே விட்டிருந்த பிற்பகலில், ஆனந்தகுமார் என்ற அந்தப் பொறியாளர் கழுத்தில் டையும் தோளில் கேமராவுமாக வந்து இறங்கினார். பார்ப்பதற்கு ஆள் வேண்டுமே என்று சண்முகசுந்தரத்தையும் அவர் மனைவி சரோஜாதேவியையும் பத்ரி முன்கூட்டியே அழைத்து உட்கார வைத்திருந்தார். நீரஜா எல்லாருக்கும் காபி கொடுத்தாள்.

காபி குடித்துக்கொண்டே ஆனந்தகுமார் ஒரு சேதி சொன்னார். "அடுத்த மாசம் ஜப்பான்ல ஒரு கார் விக்கப் போறாங்க சார். பெட்ரோல்லயும் ஓடும், பேட்டரியிலயும் ஓடும். ரெண்டும் ஒரே கார்ல."

"அந்த பேட்டரி எத்தனை வருஷம் வரும்?" என்று பத்ரி கேட்டார்.

"யாருக்குத் தெரியும் சார். இனிமேதான் ஓட்டிப் பாக்கணும்."

"நம்மாத்துக்கு வந்து கத்துண்டு போகச் சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டு பத்ரி எதிர்வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார்.

அப்புறம் எல்லாரும் காரைச் சுற்றி நின்றார்கள். ஆனந்தகுமார் பானட்டைத் தூக்கினார். தேதியைப் பார்த்துச் சிரித்தார். ஒரு மூடியைத் திருகி டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொரு மூடியைத் திறந்தார். "மேல பூசின தாரை ஒரு அறையில மட்டும் நீக்கிப் பாக்கலாமா சார்? சந்தேகமா இருக்கு. ஆனா பேட்டரிக்கு நல்லதில்ல."

"தாராளமாத் திறந்து பாருங்கோ. எனக்கென்ன பயம்?" என்றார் பத்ரி. வீம்பு அவருக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதல்தான்.

மேலே பூசியிருந்த கறுப்புத் தாரை ஒரு மூலையில் பெயர்த்து எடுத்து, உள்ளே இருந்த ஈயத் தகடுகளைப் பார்த்துவிட்டு, ஆனந்தகுமார் கையைத் துடைத்துக்கொண்டார். "சார், பெட்டி எங்களுதுதான். உள்ள இருக்கிறது எங்களுது இல்ல. யாரோ கையால கட்டின தகடு. நல்லாத்தான் கட்டியிருக்காங்க. ஒரு வருஷம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்."

"என்ன சொல்றேள்?"

"எங்க பேட்டரி மூணு வருஷம் வரும். உங்கள மாதிரி பாத்துக்கிட்டா நாலு வரும். எட்டரை வருஷம்னு நீங்க எழுதினதை எங்க ஆபீஸ்ல யாருமே நம்பல. அதனாலதான் என்னை அனுப்பினாங்க."

புகைப்படம் எடுக்கவில்லை. சரோஜாதேவி மழை வருகிறது என்று சொல்லிக் கணவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். மழை வரவில்லை. முப்பத்துநான்கு வருஷம் நாட்டின் கணக்கையெல்லாம் குடைந்து பார்த்த மனிதர், எட்டரை வருஷமாகப் பெட்டியின் வெளிப்புறத்தையே துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவமானம் தாங்காமல் பத்ரிக்குக் காது மடல் சிவந்தது. பேட்டரியைக் கழற்றி எடுத்துப் போகிறவன் ஒரே ஒருவன்தான். செருப்பை மாட்டிக்கொண்டு நேராகச் சந்துக்குப் போனார்.

கடையில் இரண்டு ஆட்டோக்காரர்கள் நின்றிருந்தார்கள். வழக்கமாக நீங்கள் என்று பேசுகிற பத்ரி, அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே நீ என்றுதான் ஆரம்பித்தார்.

"என் பேட்டரியோட தகட்டை எடுத்து வித்துட்டு, உள்ளே எதையோ வச்சுக் கொடுத்திருக்கே. கம்பெனி ஆளே வந்து சொல்லிட்டான். எத்தனை வருஷமா நடக்கறது இந்தத் திருட்டு?"

"இன்னா சார், அண்ணாச்சியப் பாத்து இந்த வார்த்தை சொல்லிகினு கீற," என்று ஆட்டோக்காரர் ஒருவர் முன்னே வந்தார். அய்யாதுரை அவரைக் கையமர்த்தினார். முகத்தில் கோபத்தைக் காணோம்.

"பெட்டியத் திறந்துட்டாங்களா சார்?"

"திறக்காம? உன் வண்டவாளம் பின்னே எப்படித் தெரியும்?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி. தாரைப் பேத்த பேட்டரிய நம்பாதீங்க. ஸ்பேர் ஒண்ணு கொண்டாந்து மாட்டித் தாரேன். மத்ததைப் பொறவு பேசிக்கிடலாம்."

"இனிமே உன் கை என் கார் மேலே படப்படாது," என்று சொல்லிவிட்டு பத்ரி திரும்பி நடந்தார்.

வீட்டில் நீரஜா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏன்னா, திருடறவர்னா எதுக்கு ஓடற பேட்டரியைத் திருப்பிக் கொண்டு வந்து மாட்டணும்? மூணு வருஷமா ஒரு நாள்கூட நிக்கலையே."

பதில் இல்லாதபோது பத்ரி பேப்பர் படிப்பார். படித்தார்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நீரஜா சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். செவ்வாய்க்குப் பிறகு மூன்று நாளாகிவிட்டதால் பாதம் உப்பிச் செருப்பு ஏறவில்லை. பத்ரி சாவியைத் திருப்பினார். கார் ஒரு தடவை முனகியது. மறுபடியும் திருப்பினார். அந்த முனகலும் இல்லை. மூன்றாம் தடவைக்கு டேஷ்போர்டில் இருந்த சின்ன விளக்குகூட எரியவில்லை. பின்சீட்டிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆட்டோ பாத்துண்டு வரேன்," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுக்கக்கூட மறந்து கேட்டைத் திறந்தார். தெருவில் ஆட்டோ எதுவும் இல்லை. எதிர்வீட்டு சன்ஷேடுக்குக் கீழே, மழைக்கு ஒதுங்கினாற்போல, அய்யாதுரை நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் டிவிஎஸ் ஐம்பது. அதன் கேரியரில் ரெக்ஸின் துணி சுற்றி ஒரு பேட்டரி.

"எப்போ வந்தேள்?" என்று பத்ரி மழையில் நின்றபடியே கேட்டார்.

"அஞ்சு மணி இருக்கும் சார். வண்டி எடுத்துட்டீங்கன்னா பேசாமப் போயிருப்பேன். சத்தம் கேக்கல. அதான் நிக்கேன்."

பத்ரி கேட்டை அகலத் திறந்தார். ஐந்து நிமிஷத்தில் பழையது கழன்று கடைப் பேட்டரி ஏறியது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உறுமியது. பின்சீட்டில் நீரஜா, "அப்பாடா" என்றாள். அப்புறம், "அண்ணாச்சி, நனைஞ்சுட்டேளே," என்றாள்.

"இருக்கட்டும்மா. நானும் கூட வாரேன். கிரீன்வேஸ் ரோட்டுல தண்ணி நிக்கும். நடுவுல நின்னுட்டா தள்ளுறதுக்கு ஆள் வேணும்லா," என்று சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பேட்டரி தொட்ட கையைக் கதவில் படாமல் தூக்கியே வைத்திருந்தார். முந்தின நாள் சொன்னதை அவர் மறக்கவில்லையோ என்று பத்ரிக்குத் தோன்றியது. ஆறு இருபத்தைந்துக்கு நீரஜாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து உள்ளே அழைத்துப் போனார்கள்.

அதற்குப் பிறகு நாலு மணி நேரம் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நீரஜா பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்திருந்த காபியைப் பத்ரி டம்ளரில் ஊற்றி முதலில் அய்யாதுரைக்கு நீட்டினார். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டார்.

"என் பேட்டரிக்கு என்னதான் ஆச்சு?"

"தொண்ணூத்தி ரெண்டு ஆடியிலயே போயிட்டு சார். சொல்லத்தான் வந்தேன். நீங்க எதிர்வீட்டுக்காரர்கிட்ட பேசிக்கிட்டு நிக்கீங்க. மூணு வருஷம் தாண்டியும் புதுசு மாதிரி இருக்குன்னு. அந்த முகத்தைப் பாத்து எப்படிச் சொல்ல? சரின்னு எடுத்துட்டுப் போயி, உள்ள தகட்டை மாத்தி, மேல தாரை ஊத்திக் கொண்டாந்துட்டேன்."

"சொல்லியிருந்தா புதுசு வாங்கியிருப்பேனே."

"வாங்கியிருப்பீங்க. நான் சும்மா செஞ்சு தாரேன்னு சொன்னா வாங்கியிருப்பீங்களா?"

வாங்கியிருக்க மாட்டார்.

"பொறவு தொண்ணூத்தி நாலுல ஒருநாள் உங்க வீட்டுக்கு வாரேன். அப்பதான் ஆஸ்பத்திரியில இருந்து வந்திருக்கீங்க. அம்மா பின்சீட்டுல படுத்திருக்காங்க, எந்திரிக்க முடியல. அன்னைக்கு முடிவு பண்ணிட்டேன் சார். இந்தப் பேட்டரி சாகட்டும்னு காத்திருக்கப்படாது. ஐப்பசி வந்தா, நல்லா இருந்தாலும் தகட்டை மாத்திரணும். வருஷா வருஷம் மாத்தினேன். செவ்வா, வெள்ளியத் தொடாம புதன்கிழமையே எடுத்துட்டுப் போவேன். இந்த வருஷம் மழையில கொஞ்சம் தள்ளிப் போயிட்டு. அதுக்குள்ள கம்பெனிக்காரர் வந்துட்டாரு."

"எனக்கு எதுக்கு நீங்க இதெல்லாம் பண்ணணும்?"

அய்யாதுரை அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "தொண்ணூறுல நீங்க எழுதின லெட்டராலதானே சார் எனக்கு கரன்டு வந்துச்சு. நன்றி சொல்ல வீட்டுக்கு வந்தேன். 'கடமையைத்தான் செஞ்சேன்'னு சொல்லி கதவைச் சாத்திட்டீங்க. அப்படிப்பட்ட மனுசனுக்கு வேற எப்படி நான் செய்ய?"

பத்ரிக்கு நினைவு வந்தது.

அவர் எழுதியது உதவிக் கடிதம் அல்ல, புகார். அந்த வருஷ மழைக்காலத்தில் சந்து வழியாக நடந்தபோது, டீக்கடையிலிருந்து பேட்டரிக் கடைக்குத் தலைக்கு மேலே இழுத்துக் கட்டியிருந்த கரன்டு ஒயர் அவர் குடைக் கம்பியில் சிக்கியது. உயிர் போகாமல் தப்பியதே பெரிசு. வீட்டுக்கு வந்த கையோடு 'பொருள்: ஆபத்தான, அனுமதியற்ற மின்கம்பி' என்று தொடங்கி மின்வாரியத்துக்கு இரண்டு பக்கம் எழுதித் தள்ளினார். பிறகு ஒருநாள் கடைக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றதும், சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று பயந்து, வாய் திறக்கவிடாமல் கதவைச் சாத்தினார். இதுதான் நடந்தது. ஒருவேளை அதிகாரிகள் வந்து பார்த்து, கம்பியை எடுக்கச் சொல்லி, முறையான இணைப்பு கொடுத்திருக்கலாம். அதற்குத் தமக்கு நன்றியா? செய்யாத உபகாரத்துக்கு ஐந்து வருஷமாகப் பலன் வாங்கியிருக்கிறார். போதாததற்கு நேற்று அந்த மனிதரைத் திருடன் என்று வேறு சொல்லியாயிற்று.

அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நீரஜா கையில் குழாயோடு படுத்திருந்தாள். இந்த மனிதர் விலகிக்கொண்டால் அடுத்த செவ்வாய்க்கிழமை என்ன ஆகும் என்று நினைத்தார், வாயை மூடிக்கொண்டார். நேற்றைய பேச்சுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டார். அய்யாதுரை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து கோப்புகளை இறக்கினார். தொண்ணூறாம் வருஷக் கோப்பைக் கரையான் தின்றிருந்தது. அப்போதே கரையான் மருந்துக் கம்பெனிக்கு ஒரு கடிதம் போயிருந்தது என்பது வேறு விஷயம். வெறும் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் நீரஜா எழுந்து உட்கார்ந்த பிறகு, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார்.

"நான் அவர் கடையை மூடச் சொல்லி எழுதினவன். அவர் என்னைத் தெய்வம் மாதிரி நினைச்சுண்டிருக்கார்."

"அவர்கிட்ட சொல்லிடுங்கோ."

"சொன்னா, செவ்வாய்க்கிழமை?"

நீரஜா வீங்கிய கையைத் தடவிக்கொண்டாள். "அது எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீங்க சொல்லாம நான் அந்தக் கார்ல ஏற மாட்டேன்," என்றாள்.

திங்கட்கிழமை காலை பத்ரி சந்துக்குப் போனார். கைக்குட்டை சட்டைப் பையிலேயே இருந்தது. தெருவில் நிற்காமல் படியேறிக் கடைக்குள் போனார். அய்யாதுரை 14-4-89 என்ற பெட்டியைக் கவிழ்த்து வைத்துக் கழுவிக்கொண்டிருந்தவர், பதறி எழுந்து ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பத்ரி உட்காரவில்லை. நின்றபடியே, மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தார்.

"அய்யாதுரை, நீங்க நினைக்கறது தப்பு. தொண்ணூறுல நான் எழுதினது உங்களுக்கு உதவி இல்லே. உங்க மேலே புகார். ஒயர் என் குடையிலே மாட்டிண்ட கோவத்துலே எழுதினேன். நீங்க எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டியதில்லே. இத்தனை நாள் செஞ்சதுக்கு நான்தான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கேன். இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கணும். பயத்துலே சொல்லலை."

அய்யாதுரை சிரித்தார். "புகார்னு எனக்குத் தெரியாதா சார்?"

கடையின் உட்சுவரில் திருச்செந்தூர் முருகன் படம் இருந்தது. அதன் கீழே கண்ணாடி போட்ட இன்னொரு சட்டம். அதைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, பத்ரியின் கையில் கொடுத்தார். உள்ளே இருந்தது மங்கிப்போன ஒரு ஜெராக்ஸ். பத்ரியின் கையெழுத்து. 'பொருள்: ஆபத்தான, அனுமதியற்ற மின்கம்பி.' ஓரத்தில் மஞ்சளும் குங்குமமும் ஒட்டியிருந்தன.

"பாக்க வந்த ஆபீசர் கொடுத்தாரு. முதப் பத்தியப் படிச்சதும் கடை போச்சுன்னே நெனச்சேன் சார். கடைசிப் பத்தியப் பாருங்க. சிவப்பு மசியில கோடு போட்டிருக்கேன்."

பத்ரி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். 'இக்கடைக்காரர் பிழைப்புக்காகவே இவ்வாறு செய்திருக்கக் கூடும். முறையான இணைப்புப் பெற அவருக்கு என்ன தடை என்று விசாரித்து, அதனை நீக்கி, கடையை மூடாமல் தொழில் நடத்த ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

"இதை எழுதினது எனக்கு ஞாபகமே இல்லே," என்றார் பத்ரி. அப்புறம் நேர்மைக்காக இன்னொன்றும் சொன்னார். "இது எங்க ஆபீஸ் வழக்கம் அய்யாதுரை. குத்தம் சொன்னா, கடைசியிலே அதுக்குப் பரிகாரம் ஒரு பத்தி எழுதியே ஆகணும். கை தானா எழுதியிருக்கும். உங்களை நினைச்சு எழுதினேன்னு சொன்னா பொய்."

"இருக்கட்டும் சார். கட்டட முதலாளி சம்மதக் கையெழுத்து போடாம ரெண்டு வருசம் என்னை அலைய விட்டாரு. இந்தப் பத்தியக் காட்டித்தான் ஆபீசர் அவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினாரு. உங்களுக்கு முன்னாடி மூணு பேரு எம்மேல எழுதிருந்தாங்க. மூணு பேரும் கடைய மூடுன்னுதான் எழுதினாங்க. நான் அப்ப ஊருக்கே போயிரலாம்னு பொண்டாட்டி நகையக்கூட மூட்டை கட்டிட்டேன். உங்க கை தானா எழுதிச்சோ, நீங்க எழுதினீங்களோ, எனக்குக் கரன்டு வந்துச்சுல்லா."

பத்ரி இப்போது ஸ்டூலில் உட்கார்ந்தார். வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் பத்திகள் எழுதியிருக்கிறார். அதில் ஒன்று யாரோ ஒருவரின் சுவரில் சாமிக்குக் கீழே இருந்தது. கண்ணாடி பனித்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். ஆசிட் நெடிதான் என்று அய்யாதுரை நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டார்.

கிளம்புமுன் தகடு மாற்றிய மாதங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் பேட்டரி வீட்டுக்கு வந்ததும் வெள்ளை பெயின்ட் டப்பாவைத் திறந்து, பழைய தேதிக்குக் கீழே வரிசையாக எழுதினார். 7-92. 10-94. 10-95. 10-96. 11-97. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'அய்யாதுரை' என்று பொடியாக எழுதினார். எதிர்வீட்டு சண்முகசுந்தரத்தைக் கூப்பிட்டு அவரிடமும் உள்ளதைச் சொன்னார். அந்த மனிதர் எப்போதும்போலத் தலையை ஆட்டிவிட்டு, "எனக்கும் அவர் கடை விலாசம் குடுங்க சார்," என்றார்.

பிறகு மேஜை முன்னால் உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினார். கம்பெனிக்கு எழுதியது சின்னது. தமது முந்தைய கடிதத்தில் கண்ட தகவல் பிழையானது, தங்கள் பேட்டரி மூன்றே கால் வருஷம் உழைத்தது, அதற்கு நன்றி என்று மூன்று வரியில் முடிந்தது. இரண்டாவதற்குத்தான் நேரம் பிடித்தது. பாராட்டி எழுதிப் பழக்கமில்லாததால் எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், பழக்கப்பட்ட வழியிலேயே தொடங்கினார். எழுதி முடித்து நீரஜாவிடம் நீட்டினார்.

'பெறுநர்: திரு. அய்யாதுரை அவர்கள்.

பொருள்: நன்றி தெரிவித்தல்.

பார்வை: 1994 முதல் இன்று வரையிலான அனைத்துச் செவ்வாய், வெள்ளிக் கிழமைகள்.'

நீரஜாவால் அதற்கு மேல் உடனே படிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியைப் படித்தாள். இரண்டே பத்திகள். இரண்டாவதன் முடிவில், கைப் பழக்கத்தில், 'மேற்கொண்டும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று வந்து விழுந்திருந்தது.

"ஐயையோ, இதை அடிச்சுடறேன்," என்று பத்ரி பேனாவை எடுத்தார்.

"இருக்கட்டும். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை," என்றாள் நீரஜா. பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டாள்.